முகூர்த்த வேளை ட்ரம்பெட் ஆயத்தங்கள்: பூர்வாங்க ஆய்வுக்கு ஒரு முன்னுரை

தை பிறந்துவிட்டால் விடியற்காலை நாலரை மணி முகூர்த்தத்துக்கும் பேண்டு செட் கேட்கிறார்கள். அந்நேரத்தில் ட்ரம்பெட்டிலிருந்து வெளிப்படுவது பாட்டா, கழுதைக் கத்தலா என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளை இதுவரை எவரும் ஆராயவில்லை. (ஒருவர் ஆராய்ந்தார். முடிவு நமக்கு உடன்பாடில்லாததால் அவர் இலர் எனக் கொள்க.) ஆயத்தங்கள் நால்வகைப்படும்.

அ) உதடு. ஒலி பிறப்பது பித்தளையில் அன்று, உதட்டின் அதிர்வில். ஆகவே மவுத்பீஸை மட்டும் கழற்றி உதட்டில் வைத்துச் சற்று ஊதி, பின் கீழ் ஸ்தாயியில் நீண்ட ஸ்வரங்கள். ஊதிய நேரமளவுக்கு ஓய்வு. எடுத்த எடுப்பில் உச்சத்துக்குத் தாவுபவருக்குத் தாலி கட்டும் வேளையில் வெறும் காற்றுதான் வரும். இது பயனுள்ள செய்தியாதலால் ஆய்வுலகம் இதைப் பொருட்படுத்துவதில்லை.

ஆ) பல். துலக்குக.

இ) சூடு. காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். குளிர்ந்த ட்ரம்பெட் சுருதி இறங்கிப் பேசும். ஓசையின்றி வெம்மூச்சைக் குழாய்க்குள் விட்டுச் சூடேற்றிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும்.

ஈ) குழாய்நீர். சுமார் ஒன்றரை மீட்டர்க் குழாயில் தேங்கும் இந்நீர் எச்சிலே என்பது பழைய கட்சி (காண்க: அட்டையில்லாப் பிரதி, கரையான் விட்டுவைத்த பக்கம்). பெரும்பகுதி மூச்சின் ஈரம் குளிர்ந்து படிந்ததே என்பது நவீனர் கட்சி (காண்க: அப்பிரதியைப் படிக்காமலே எழுதிய மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, அதன் திருத்திய பதிப்பில் திருத்தப்படாத பகுதி). நவீனர் சொல்வது உண்மை. எனினும் பட்டம் பெற அது உதவாது. வாசிப்பவர் நீர் வடிக்கும் அடிச்சாவியை அழுத்தி ஊதியதும் முன்வரிசைச் சம்பந்தியின் கால்மேல் அந்நீர் தெறிக்கிறது. அவர் அதைப் பன்னீர் என்றே கொள்கிறார். இதிலிருந்து கிளைத்த 'பன்னீர் வாதம்' மூன்று உட்பிரிவுகளும் நான்கு பகைகளும் கொண்டது (காண்க: மறுப்புக்கு மறுப்பின் மேற்படி பகுதிக்கு எழுதிய அடிக்குறிப்பின் உள்ளடிக்குறிப்பு, அச்சகத்தில் தொலைந்தது, தொலைந்ததற்கு இரங்கலுரை, மலிவுப் பதிப்பு). சம்பந்தி தம் வேட்டியை முகர்ந்தாரா என்பதே இன்று தீராத சிக்கல்.

இதைத் தீர்க்கக் கருத்தரங்கம் கூட்டுவதென்று எனக்கு நானே தீர்மானம் நிறைவேற்றியுள்ளேன். பேராசிரியப் பெருமக்களின் வசதி கருதி நேரம் காலை பதினொன்று. ஊதத் தெரிந்தவர்களுக்கு அழைப்பில்லை. அவர்களிடம் சார்புநிலை இருக்கும்.