படிவப் பெருமானுக்குப் புகழ்மாலை

மூன்றே கேள்விகளால் மூவுலகத்தார் மண்டைக்குள்ளும் புகுந்து வரும் மாண்புமிகு ஒற்றைத் தலைவலி வினாப்படிவப் பெருமானே! 2003ஆம் ஆண்டு அமெரிக்க மண்ணில் ரிச்சர்ட் லிப்டன் குழுவினர் கையால் அவதரித்து, தமிழாடை புனைந்து, ஜெர்மனியின் எசன் நகரத்துக் காத்திருப்பு அறைவரை எழுந்தருளும் தங்கள் கருணையை என்னவென்று பாடுவேன்! குமட்டுகிறதா, வெளிச்சம் தொந்தரவா, கடந்த மூன்று மாதத்தில் தலைவலியால் ஒருநாளாவது வேலை கெட்டதா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் போதும், அருள்வாக்குப் பிறந்துவிடும். நோயாளியை உட்காரவைத்துக் கதை கேட்கும் பழம்பாரத்தைப் பேனா முனையால் இறக்கிவைத்த வள்ளல் தாங்கள்.

அதே எசன் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவர்களை நினைத்தால் இரக்கமே மேலிடுகிறது. ஜெர்மன் மொழியில் தலைவலிக்கு ஒரு வினாப்படிவம் எழுதி, அதை ஜெர்மன் நோயாளிகளிடமே கொடுத்து, விடைகளை மருத்துவரின் முடிவோடு ஒத்துப்பார்த்த பின்னரே 2007இல் வெளியிட்டார்கள். சொந்த மொழியிலேயே எவ்வளவு அவநம்பிக்கை! சோதனையின்றித் தங்களைத் தமிழாக்கும் அடியார்களுக்கு இந்தச் சஞ்சலம் ஏது? ஒருவர் பெயர்க்க, மூலம் பாராத இன்னொருவர் திருப்பிப் பெயர்க்க, பிறகு நோயாளிகளிடம் படித்துக்காட்டிப் புரிகிறதா என்று கேட்க, இத்தனை சடங்கும் பக்திக் குறைவல்லவா? ஆங்கிலம் பேசும் அமெரிக்கரிடமே, நோயுள்ள 100 பேரில் 19 பேரை விட்டுவிட்ட தாராளமும், நோயில்லாத 100 பேரில் 25 பேருக்குப் பட்டம் சூட்டிய ஈகையும் தங்களுடையவை. தமிழில் அவை எவ்வளவு பெருகினவென்று எண்ணிப் பார்க்காத பெருந்தன்மையை எந்தப் புலவர் பாடி முடிப்பார்!

தங்கள் மூன்றாம் கேள்வியே மணிமகுடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விடியுமுன் அலுவலகங்களைத் துடைக்கப் போகும் அக்கா ஒருத்தி தங்களை மடியில் ஏந்துகிறாள் என்று கொள்வோம். தலையிடி பிளக்கும் நாளிலும் அவள் போகிறாள். போகாவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும் என்ற அச்சம். வேலை கெட்டதா? இல்லை. வீடு திரும்பியதும் திரைச்சீலைகளை இழுத்து, இருட்டறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள். இருட்டில் கிடப்பவளுக்கு வெளிச்சம் என்ன தொந்தரவு செய்துவிடும்? இல்லை. குமட்டலுக்கு மட்டும் ‘ஆம்’. மூன்றில் ஒன்று, ஆகவே அவளுக்கு ஒற்றைத் தலைவலி கிடையாது! இருபது வருட வேதனையை இரண்டு கட்டங்களால் துடைத்த தன்வந்திரியே, தங்களுக்கு நிகர் யார்?

தங்கள் மௌனமோ இன்னும் மகத்தானது. சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்தைத் தாண்டி விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்பது தலைவலி மருத்துவத்தின் பாலபாடம். கைப்பையில் எத்தனை அட்டை இருக்கிறது என்று கேட்டு அக்காவைச் சங்கடப்படுத்தாத நாகரிகம் தங்களுக்கே உரியது. திடீரென்று இடிபோல் விழுந்த வலியா, இதுவரை இல்லாத வலியா, மூளைக்குள் இரத்தக் கசிவாக இருக்குமோ என்றெல்லாம் விசாரித்துப் பீதி கிளப்பும் அற்பத்தனமும் தங்களிடம் இல்லை.

ஜெர்மனியில் மருத்துவரிடம் பேச உதவும் மொழிபெயர்ப்பாளருக்கான செலவைப் பொதுக் காப்புறுதி வழக்கமாக ஏற்பதில்லை. அந்தக் குறையையும் தாங்களே நிரப்பி அருளினீர்கள். டிக் போட்ட தாளுக்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர்? தப்பித்தவறி மருத்துவர் மேலும் ஏதாவது கேட்டுவிட்டால் அக்காவின் பன்னிரண்டு வயது மகன் பக்கத்தில் இருக்கிறான்.

“அம்மா, எப்ப எப்ப வருது எண்டு கேக்கினம்.”

மாதவிலக்கு நாட்களை ஒட்டித்தான் வருகிறது. நோயைப் பிடிக்க அந்த ஒரு செய்தி பெருந்துணை. பெற்ற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வாள்?

“சும்மா இடைக்கிடை எண்டு சொல்லு, ராசா.”

அவன் சொல்கிறான், மருத்துவர் தங்கள் திருமேனியை இன்னொரு முறை பார்க்கிறார், மூன்றில் ஒன்று என்ற தங்கள் தீர்ப்பில் அணுவளவும் பிசகில்லை என்று கண்டு, கோப்பில் வைத்து மூடுகிறார்.