கொம்பு எங்கே, கால் எங்கே

1999 தை மாதம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து ஊரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்து மூன்று. வடக்கு வாசல் படியருகே, சண்டேசர் தலையில் சிவபெருமான் பூமாலை சுற்றும் சிற்பத்தின் முன்னால் நிறுத்தி, "இது என்ன கதை, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் முன்னால் வந்தான். மாடு மேய்த்த பிள்ளை மணலைக் குவித்து லிங்கம் பிடித்தது, கறந்த பாலை அதன் தலையில் ஊற்றியது, அப்பன் வந்து பால்குடத்தை எட்டி உதைத்தது, பிள்ளை கோலை எடுத்து வீச அப்பன் கால் வெட்டுப்பட்டது, கடைசியில் சாமியே இறங்கி வந்து மாலை கட்டியது, எல்லாவற்றையும் ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னான். பூசைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். "யாருடா சொல்லிக் கொடுத்தது?" என்றேன். "எங்க ஆயா டீச்சர். ஒரு தடவதான் சொல்லுச்சு."

மறுநாள் அதே பையனை எழுப்பித் தமிழ்ப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியில் 'கொடி' என்று ஒரு சொல். விரலை அதன்மேல் வைத்தான். "எ..." என்றான். பிறகு "க..." பிறகு விரல் துணைக்காலுக்கு நகர்ந்தது, "கா..." நெற்றி வியர்த்துவிட்டது. வகுப்பு சிரித்தது. அவனை நிற்க வைத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் படிக்கச் சொன்னேன். அந்த ஆண்டு அவனுடைய முன்னேற்ற அட்டையில் 'படிப்பில் கவனம் இல்லை' என்று என் கையால் எழுதினேன். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் அவன் சேரவில்லை. முந்திரிக்காட்டுப் பக்கம் ஆடு மேய்க்கிறான் என்றார்கள்.

அவனுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. வகுப்பிலேயே அதிகக் கவனத்தோடு அந்தச் சொல்லைப் பார்த்தவன் அவன்தான். கண்ணுக்கு முதலில் தெரிந்தது ஒற்றைக் கொம்பு, அதைச் சொன்னான். அடுத்துத் தெரிந்தது க, அதைச் சொன்னான். அதற்கடுத்தது கால். ஆனால் வாயில் 'கொ' என்று சொல்லும்போது 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பின்னால் வருகிறது. எழுத்தில் அந்த 'ஒ' இரண்டாகப் பிளந்து, பாதி க-வுக்கு முன்னாலும் பாதி பின்னாலும் நிற்கிறது. காது கேட்கும் வரிசை ஒன்று, கண் பார்க்கும் வரிசை வேறு. நமக்கெல்லாம் இது ஆறு வயதில் எப்படியோ பழகிவிட்டது; பழகியது எப்படி என்பதே மறந்துபோய்விட்டது. சில பிள்ளைகளுக்கு ஒலியைப் பிரித்து எழுத்தோடு பொருத்துகிற அந்த இணைப்பு தானாக விழுவதில்லை. பார்வையில் குற்றம் இல்லை, அறிவில் குறைவு இல்லை. பிறவியிலேயே மூளை அந்த வேலையை வேறு மாதிரிச் செய்கிறது. பல சமயம் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கும். இதற்குப் பெயர் டிஸ்லெக்சியா.

திருச்சியில் சிறப்புக் கல்விப் பயிற்சிக்குப் போன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. அங்கே ஒரு வகுப்பில் 1896ஆம் ஆண்டு பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிய குறிப்பைப் பற்றிச் சொன்னார்கள். பெர்சி என்று பதினான்கு வயதுப் பையன். விளையாட்டில், பேச்சில், புத்தியில் யாருக்கும் குறைந்தவன் இல்லை. எழுத்து மட்டும் ஏறவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே முதலாவதாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. சண்டேசர் சிற்பத்தின் முன்னால் நின்று பேசிய பையனின் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த ஒரு விஷயம் எங்கள் பள்ளிக்கு வந்து சேரவில்லை.

2004இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் தொகுப்பூதியத்தில் சிறப்புப் பயிற்றுநராகச் சேர்ந்தேன். நான் முதன்முதலில் ஆசிரியையாக வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம். 2001இல் அரியலூர் மாவட்டம் ஆனது, அடுத்த ஆண்டே மறுபடி பெரம்பலூர், 2007 நவம்பரில் மறுபடி அரியலூர். அலுவலகம் மாறியபோது பிள்ளைகளின் கோப்புகளை நானே பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போய்க் கொடுத்திருக்கிறேன். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. பார்வை, செவி, கை கால் என்று கணக்கெடுத்துப் போவேன். 'கொடி'யில் நின்றுபோகும் பிள்ளைக்கு அந்த ஏழில் இடம் இல்லை. மெல்லக் கற்போர் என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லுக்குள் போன பிள்ளையைப் பிறகு யாரும் தேடவில்லை.

சென்னையில் பெற்றோர்கள் கூடி 1990களின் தொடக்கத்திலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனைத் தொடங்கியிருந்தார்கள். அங்கே பிள்ளைக்குப் பரிசோதனை, தனி வகுப்பு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி எல்லாம் நடந்தது. ஜெயங்கொண்டத்தில் கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அதைப் பற்றி யார் சொல்வது? 2007 கடைசியில் 'தாரே ஜமீன் பர்' படம் வந்த பிறகு எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் வாயிலும் அந்தச் சொல் புழங்கத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழை இருபத்தொன்றாக்கியது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அந்தப் பட்டியலை நான் மூன்று தடவை படித்தேன்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சான்றிதழ் கிடைக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் பெற்றோர்களும் சிறப்பு ஆசிரியர்களும் நடையாய் நடந்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்குத் தொலைபேசி எப்போது வருகிறது தெரியுமா? பிள்ளை ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு எழுதி முடித்த பிறகு. "டீச்சர், எப்படியாவது ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுங்க." தேர்ச்சி விகிதம் பற்றிய கவலையில் பள்ளியே பெற்றோரை அனுப்பி வைக்கும். சான்றிதழை வாங்கிக் கொடுக்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தேர்வு அறையில் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கிறது. ஏழு வயதில் அதற்குத் தேவைப்பட்ட நூறு மணி நேரத்தை யார் கொடுப்பது? எட்டு வயது நிறைந்தால்தான் சான்றிதழ் என்று விதி இருக்கிறது; அது சரியான விதிதான், அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது. சொல்லிக்கொடுப்பதற்கு மட்டும் எந்த விதியும் எட்டு வயதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. இதை நான் எல்லாத் தலைமை ஆசிரியர்களிடமும் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

அதோடு ஆள் வேண்டும். சிறப்பு ஆசிரியர்களுக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்புச் சொன்னது. தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்பது கணக்கு. நான் ஒருத்தி ஒரு வாரத்தில் எத்தனை பள்ளிக்குப் போகிறேன் என்பது எங்கள் பேருந்து நடத்துநர்களுக்குத் தெரியும்.

2021 கடைசியில், கொரோனா விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்த நேரம், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் ஒருவர் தன் மகளோடு நான் பணிபுரியும் வள மையத்துக்கு வந்தார். மூன்றாம் வகுப்பு. சத்தம் போடாத பிள்ளை; அப்படிப்பட்ட பெண் பிள்ளைகளை யாரும் கவனிப்பதே இல்லை. "எனக்கும் இப்பிடித்தான் டீச்சர் இருந்துச்சு. எழுத்தெல்லாம் நிக்காம போவும். ஊர்ப் பேர வழியில இருக்குற மரம், கட, கோயில வச்சுத்தான் தெரிஞ்சுக்குவேன்" என்றார். பேசும் விதத்தில் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னை முன்பே தெரிந்திருந்தது. தெரிந்துதான் வந்திருந்தார். அன்று எழுதிய அந்த வரிக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க டீச்சர், புள்ளையப் பாருங்க" என்றார்.

முறத்தில் ஆற்று மணலைப் பரப்பி அவளை உட்கார வைத்தேன். 'கொ' வேண்டாம், முதலில் 'ப', 'ட', 'ம்'. ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுத வேண்டும். வாய், காது, விரல், கண் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஆர்ட்டனும் கில்லிங்ஹாமும் 1930களில் வகுத்த முறை இந்த வழியில் போகிறது. நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் மணலில்தான் எழுதினார்கள். இங்கே கூடுதலாக ஒலிகள் எளியதிலிருந்து கடினத்துக்கு ஓர் ஒழுங்கில் வருகின்றன, ஒன்று நிலைக்காமல் அடுத்தது வராது. சொல்லில் எத்தனை எழுத்தொலி என்பதற்குப் புளியங்கொட்டை. 'படம்' என்றால் மூன்று கொட்டை வைப்பாள். ஒரு கொட்டையை நகர்த்தி, "இத எடுத்துட்டா மிச்சம் என்ன?" என்று கேட்பேன். முதல் இரண்டு வாரம் பதிலே வரவில்லை. மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் பிரிந்து நிற்க நான்கு மாதம் ஆனது. கொம்புக்கு வந்தபோது ஏழு மாதம். முதலில் க, அதை வாயில் சொல், பிறகு கொம்பைப் போடு, பிறகு கால். எழுதும் வரிசையைக் காதின் வரிசைக்கு மாற்றிக் கொடுத்தேன். இலக்கண ஆசிரியர்கள் கோபிக்கலாம். பிள்ளை 'கொடி' என்று படித்தாள்.

எழுத்து இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று யாரும் மேலிருந்து இறக்கித் தரவில்லை. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலிலேயே வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டு இருக்கிறது. பெரும்பாலும் புள்ளி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, எ-வும் ஏ-வும் பிரியவில்லை. எங்கள் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர்தான் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்து வழக்கில் நிறுத்தினார். 1978இல் அரசு பெரியார் எழுத்தை ஏற்று ணை, லை, னை, ளை எல்லாவற்றையும் மாற்றியது. என் அம்மா கடைசிவரை அவற்றைப் பழைய தும்பிக்கை வடிவம் போட்டுத்தான் எழுதினார். படிப்பவர் சிரமத்தைப் பார்த்து ஒரு நாடே எழுத்தை மாற்றியிருக்கும்போது, ஒரு பிள்ளைக்காகச் சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்றுவது பெரிய காரியமா?

2025 ஆடித் திருவாதிரைக்கு ஊர் கொள்ளாத கூட்டம். கூட்டம் வடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை, அவளும் அவள் அப்பாவும் நானும் கோயிலுக்குப் போனோம். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. நாங்கள் போனபோது கல்லூரி மாணவர்கள் சிலர் அதிட்டானத்துக் கல்வெட்டின் முன்னால் உட்கார்ந்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிக்கு அரை மணி நேரம். அவள் வெகுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த அண்ணனுங்களுக்கும் என்னைப் போலயா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டாள். அவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, நகர்ந்து இடம் கொடுத்தார்.

அவள் உட்கார்ந்து கல்லில் விரலை வைத்தாள். முதலில் தெரிந்தது ஒரு கொம்பு. அதைத் தாண்டி அடுத்த எழுத்துக்குப் போய், அதைச் சொல்லிவிட்டுக் கொம்புக்குத் திரும்பி வந்தாள். அவள் அப்பா பின்னால் நின்று, குனிந்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.