தூக்க மருந்துப் பெரியப்பா

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "ராத்திரி சரியாத் தூக்கமே இல்ல" என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். மூன்று இலை தள்ளி ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் நிமிர்வார். "ஜாதிக்காய் உரசிப் பால் குடிச்சியா?"

இவர்தான் தூக்க மருந்துப் பெரியப்பா. சில வீடுகளில் மாமா. சில அடுக்ககங்களில் எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார். உறவுமுறை மாறினாலும் மருந்துச் சீட்டு ஒன்றுதான். பாலில் ஜாதிக்காய், பாலில் கசகசா, பாலில் மஞ்சள். உள்ளங்காலில் விளக்கெண்ணெய், தொப்புளில் இரண்டு சொட்டு. அதற்கும் மசியாதவர்களுக்குக் காலில் விக்ஸ் தடவி மேலே சாக்ஸ்.

அவர் மருந்து தோற்றதாகச் சரித்திரமே இல்லை. தோற்பதெல்லாம் நாம்தான்.

"குடிச்சேன் பெரியப்பா, கேட்கல."

"பாக்கெட் பாலா?"

"ஆமா."

"அதான்."

கறந்த பாலைத் தேடிப் பிடித்துக் குடித்துவிட்டுப் போனால், "ஜாதிக்காயைப் பொடியா வாங்கினியா, கல்லுல உரசினியா?" என்பார். கல்லிலும் உரசியாயிற்று என்றால் கடைசி அஸ்திரம்: "நம்பிக்கையோட குடிக்கணும்ப்பா."

சொல்லப்போனால், அவர் மருந்துகளில் பாதிக்கு அந்த நம்பிக்கைதான் மூலப்பொருள். பாலில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் இருப்பது உண்மை. மூளை அதிலிருந்து செரடோனினும் மெலடோனினும் தயாரித்துக்கொள்வதும் உண்மை. ஆனால் ஒரு டம்ளரில் இருப்பது கொஞ்சம். அதுவும் மற்ற அமினோ அமிலங்களோடு முண்டியடித்துத்தான் மூளைக்குள் நுழைய வேண்டும். போனைக் கீழே வைத்துவிட்டுச் சூடான டம்ளரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தோமே, பெரும்பாலும் வேலை செய்தது அதுதான். விளக்கெண்ணெயிலும் மதிப்பெண் தேய்த்துவிடும் கைக்கே.

ஜாதிக்காய் விஷயம் வேறு. ஒரு உரசு பரவாயில்லை. சீக்கிரம் தூங்க வேண்டும் என்ற ஆசையில் முழுக்காயைப் பொடித்துப் போட்டால் வருவது படபடப்பு, வாந்தி, இல்லாத காட்சிகள். 5 கிராம் அளவிலேயே இந்தக் கூத்து ஆரம்பித்துவிடலாம். "கைக்குழந்தை அழுதா கொஞ்சம் உரசி நாக்குல தடவு" என்று அவர் அடுத்த வீட்டுக்குப் போகும்போது மட்டும் மரியாதையை மறந்து குறுக்கே பாயுங்கள்.

அவர் பட்டியலில் உருப்படியான ஒன்று வெந்நீர். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளித்தாலோ காலை வைத்திருந்தாலோ கைகால் ரத்தக் குழாய்கள் விரிந்து உடம்பின் உட்சூடு இறங்கும். உட்சூடு இறங்கினால் தூக்கம் வரும். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சரியான நேரத்தில் குளித்தால் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூங்கலாம் என்று 2019-இல் எழுதினார்கள். பெரியப்பா இதை அடிக்குரலில்தான் சொல்வார். வெறும் தண்ணீரில் என்ன கைப்பக்குவம் காட்ட முடியும்?

சரி, அவர் எதைச் சாப்பிட்டுத் தூங்குகிறார்? ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் டிகிரி காபி. ஒன்பதரைக்குக் குறட்டை. குடித்த கஃபீனில் பாதி கழியவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகும் என்ற செய்தி அவர் உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. தன் மருந்துகளில் ஒன்றைக்கூட அவர் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. தேவைப்பட்டால்தானே!

ஆகவே, பாலைக் குடியுங்கள்; அவர் மனசும் குளிரும். வாரத்துக்கு மூன்று ராத்திரி என்று மூன்று மாதமாகத் தூக்கம் இல்லையென்றால், அவரிடம் சொல்லாமல் டாக்டரிடம் போங்கள். துபாய்க்குக் கிளம்பும்போது வழியனுப்ப வந்து அவர் கையில் திணிக்கும் கசகசாப் பொட்டலத்தை மட்டும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை, மாட்டினால் ஜெயில்கூடக் கிடைக்கலாம்.