கத்திரி வெயிலும் விமானமும்

கே: கத்திரி வெயிலில் விமானம் மேலே ஏறத் திணறுமாமே, நிஜமா?
– வாசகர், அண்ணாகிராமம்

ப: நிஜம்தான். வெயிலில் நாம் மட்டுமா தளர்கிறோம்? சூடேறிய காற்றும் விரிந்து மெலிகிறது. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. இறக்கையைத் தூக்க ஆள்பலம் போதாது; இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும். ஆகவே ரன்வேயில் இன்னும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். ரன்வே போதாவிட்டால், பண்ருட்டி லாரியில் பலாப்பழத்தைக் குறைப்பதுபோல் சுமையைக் குறைக்க வேண்டும். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வெயில் 48 டிகிரியை எட்டியபோது சிறிய ஜெட் விமானங்கள் பலவற்றை ரத்தே செய்தார்கள்.

வெயில் இப்படிப் படுத்தினாலும், மேலே ஏற எதிர்க்காற்றோ வரம். தென்பெண்ணை மணலில் பட்டம் விடும் பையனைப் பாருங்கள், காற்றுக்கு எதிராகத்தான் ஓடுவான். விமானியும் அப்படியே.

பக்கக் காற்றுதான் வில்லன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய நாள். சென்னையில் ஒரு விமானம் தரையைத் தொடும் வேளையில் பக்கவாட்டில் சாய்ந்து ஆட, விமானி சட்டென்று மறுபடி மேலே தூக்கிவிட்டார். அதைப் படம்பிடித்த வீடியோவைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கைகளைக் கும்பிடத் தோன்றுகிறது.