உதைத்தலும் உதைத்தல் நிமித்தமும்: ஹோண்டா சி70 குறித்த ஒரு திணை ஆய்வு

ஆய்வின் தேவை

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தெய்வம், பறை, பூ, ஒழுக்கம் என்று பங்கிட்டுக் கொடுத்தவர்கள். கித்தா என்னும் ரப்பர்க் காட்டுக்கு மட்டும் ஒன்றும் ஒதுக்கவில்லை. இது முன்னோர் குற்றமன்று. ரப்பர் கன்று சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததே 1877-ல்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும், லின்சம், சிலியாவ், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று நெகிரி செம்பிலான் முழுக்கத் தோட்டங்கள் பரந்து கிடந்தும், அவற்றுக்கென ஒரு திணை வகுக்க எந்தப் புலவரும் முன்வராதது பெருங்குறை. அக்குறையைத் தீர்க்க இக்கட்டுரை முயல்கிறது.

இத்திணையின் நடுநாயகம் மரமன்று, துரையுமன்று. ஹோண்டா சி70 என்னும் மோட்டார். தோட்டத்தார் ‘கப்பு’ என்பர். எலக்ட்ரிக் ஸ்டார்ட், டிஸ்க் பிரேக் எல்லாம் வந்து, பேரன் புது வண்டி வாங்கி வாசலில் நிறுத்திய பிறகும், தாத்தா இதை விட்டுக்கொடுக்க மறுப்பது ஏன் என்பதே ஆய்வு வினா.

தோற்றமும் வரவும்

கப்பின் மூதாதை சி100, 1958 ஆகஸ்டில் ஜப்பானில் பிறந்தது. எஞ்சினுக்குப் பொறுப்பு ஹோண்டா சோயிச்சிரோ. விற்பனைக்குப் பொறுப்பு அவருடைய கூட்டாளி ஃபுஜிசாவா தாக்கெயோ. சோபா நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி வண்டி இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆகவே கையில் கிளட்ச் இல்லை. கியரைக் காலால் மிதித்தால் போதும், கிளட்ச் வேலையை எஞ்சினே பார்த்துக்கொள்ளும். இவ்வாறு விடுதலை பெற்ற இடக்கை ஜப்பானில் நூடுல்ஸ் பிடித்தது. தோட்டத்தில் அது டார்ச் லைட்டையும், குடையையும், பின்னால் தூங்கி விழும் பிள்ளையின் காலையும் பிடித்தது. ஒரு கண்டுபிடிப்பின் முழுப் பயன் கண்டுபிடித்தவருக்குத் தெரிவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

மலாயாவுக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. பஸ் கழுவும் வேலையில் தொடங்கி, ‘மிஸ்டர் ஹோண்டா’ என்று நாடே அழைக்கும் நிலைக்கு உயர்ந்தவர். சி70, சி100 தொடங்கிவைத்த சூப்பர் கப் குடும்பத்தின் 72 சிசி வாரிசு, மூன்று கியர். 2017-ல் சூப்பர் கப் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. உலகில் இத்தனை பெருகிய மோட்டார் வண்டி வேறில்லை.

முதற்பொருள்

நிலம்: செம்மண் ரோடும் அது சார்ந்த சேறும். மழைக்காலத்தில் கார் புதையும் இடத்தில் 17 அங்குல ஒல்லிச் சக்கரம் நூல் பிடித்தாற்போல் போகும். முன்னால் விரிந்திருக்கும் பிளாஸ்டிக் கவசம் சேற்றைத் தான் வாங்கிக்கொண்டு கால்சட்டையைக் காப்பாற்றும்.

பொழுது: வைகறை. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும்; மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் நேரத்தில் வெட்டினால்தான் மங்கு நிறையும். ஆகவே இருட்டோடு பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, அதற்கும் முன்னால் கப்பு.

கருப்பொருள்

தெய்வம்: முச்சந்தி முனியாண்டி. புது வண்டியானாலும் பழைய வண்டியானாலும் ஆயுத பூசையன்று குளித்து, ஹெட்லைட்டில் சந்தனம் தரித்து, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுக்கியே புறப்படும்.

பறை: சைலன்சர். லயத்தில் எல்லா வீட்டு வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஆயினும் கள்ளுக்கடைத் திருப்பத்தில் சத்தம் கேட்டவுடனேயே, வருவது தன் அப்பாவா பக்கத்து வீட்டு மாமாவா என்று பிள்ளைகள் பிரித்தறிந்து, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்வர். இந்நுண்செவித் திறன் தனி ஆய்வுக்குரியது.

தொழில்: பால் தோம்பு ஏற்றுதல், ஆட்டுக்குப் புல் கட்டுதல், மூன்று பிள்ளைகளைப் பள்ளியில் விடுதல், சிரம்பான் பசாரில் மீன் வாங்குதல். ஒட்டுப்பால் ஏற்றிய நாளில் மீன் வாங்கினால் எந்த நாற்றம் எதனுடையது என்பதில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

மக்கள்: அமெரிக்காவில் 1963-ல், ஹோண்டா ஓட்டுகிறவர்கள் நல்லவர்கள் என்று நிறுவனமே விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. தோட்டத்தில் அது தேவைப்படவில்லை. ஓட்டுகிறவர் யார், எப்படிப்பட்டவர், சீனர் கடையில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் முன்பே ஊரறிந்தது.

உரிப்பொருள்

குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல் என்பதுபோல் இத்திணைக்கு உரியது உதைத்தலும் உதைத்தல் நிமித்தமும் ஆகும். உதை நால்வகைப்படும்.

வைகறை உதை: சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதைப்பது. லயத்தின் உண்மையான சங்கொலி இதுவே.

மழை உதை: பிளக்கைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, ஊதி, மாட்டி உதைப்பது. ஊதுவதால் பயன் உண்டா என்பதில் வண்டி பழுதுபார்க்கும் போமன்கள் இருவேறு கருத்தினர். ஊதாமல் மாட்டியவர் எவரும் இல்லை என்பதில் ஒருமித்த கருத்தினர்.

இரவல் உதை: மச்சான் வாங்கிப் போய்த் திருப்பி நிறுத்திய மறுநாள் உதைப்பது. எவ்வளவு உதைத்தாலும் எடுக்காது. டேங்கில் எண்ணெய் இராது. இவ்வுதை வண்டியை நோக்கியதன்று என்பது நுட்பம்.

மரியாதை உதை: எங்கும் போகாமல், ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிறுத்தி, ஓடவிட்டு, கேட்டுவிட்டு, அணைப்பது. ஓய்வு பெற்றவர்களிடம் மட்டுமே காணப்படும்.

பேட்டரி செத்தாலும் இவ்வுதைகள் பலிப்பது எங்ஙனம் எனின், தீப்பொறிக்கான மின்சாரம் மேக்னெட்டோவிலிருந்து வருதலின் என்க. சுருங்கச் சொன்னால், காலில் வலு இருக்கும்வரை வண்டிக்குச் சாவில்லை.

எதிர்வழக்கும் மறுப்பும்

அன்புக்குக் காரணம் சிக்கனம் என்பர் ஒரு சாரார். எண்ணெய் குடிக்காது, ரோட்டாக்ஸ் நெடுங்காலம் ஆண்டுக்கு 2 ரிங்கிட்தான். பொருந்தாது. சிக்கனத்தால் வந்த அன்பாயின், 1987-ல் நான்கு கியரோடு இ.எக்ஸ்.5 வந்தபோதே அங்கே தாவியிருக்கும். வண்டி தாவியது, அன்பு தாவவில்லை.

உழைப்பே காரணம் என்பர் மற்றொரு சாரார். அதுவும் பொருந்தாது. வீட்டு மண்வெட்டியும் முப்பது வருடம் உழைத்ததுதான். அதை யாரும் ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு போட்டுக் கழுவுவதில்லை.

வேகமே மோட்டாருக்கு அழகு என்பர் யமஹா ஆர்.எக்ஸ்.இசட் வைத்திருக்கும் இளைஞர். அவர்கள் டூ ஸ்ட்ரோக் புகைக்குள்ளிருந்து பேசுவதால் வாதம் தெளிவாகக் கேட்கவில்லை.

களச்சான்று ஒன்று. கோலாலம்பூரிலிருந்து பழைய வண்டி சேகரிப்பவர் ஒருவர், பகாவ் பக்கம் ஒரு வாசலில் நின்று கேட்கிறார்:

“அங்கிள், அந்தக் கப்ப குடுக்கிறீங்களா?”

“அதுவா தம்பி? அது ஓடாது.”

“ஓடாட்டி பரவால்ல அங்கிள். நல்ல வெல தர்றேன்.”

“சாமான் கெடைக்காதுப்பா.”

“நான் தேடிக்கிறேன்.”

“கிராண்ட் எங்க வெச்சேன்னு தெரியல.”

தம்பி போன மறுநிமிடம் வண்டி முதல் உதையில் எடுக்கிறது. வண்டியின் உரிமைப் பத்திரமான கிராண்ட், சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. எமது முடிவுக்கு வழிகாட்டியது மூன்றாம் பொய்யே.

முடிபு

தோட்டத்தில் வீடு கம்பெனியுடையது. மரம் கம்பெனியுடையது. குழாயும் திடலும் ஆஸ்பத்திரியும் அவ்வாறே. மாரியம்மனே கம்பெனி நிலத்தில்தான் குடியிருந்தாள். வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுக் கொண்டிருந்த அக்காலத்தில், பால் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்காளி ஆனார்கள். அது ஊர் கூடி வாங்கிய சொத்து. தனி ஒருவர் பெயரை எழுதி, அரசாங்க முத்திரை குத்தி, இது இன்னாருடையது என்று சொன்ன முதல் தாள் பல குடும்பங்களில் சி70-இன் கிராண்ட்தான்.

தோட்டத்தில் துரைக்கு லேண்ட்ரோவர், கிராணிக்கு மோட்டார், வெட்டுக்காரருக்குச் சைக்கிள் என்று ஒரு வரிசை இருந்தது. தவணை கட்டிக் கப்பு எடுத்த அன்று வெட்டுக்காரர் அவ்வரிசையில் ஒரு படி தாண்டினார். கிராணியும் அவரும் ஒரே ரோட்டில், ஒரே சிசியில். கிராணியை முந்திப் போகலாமா என்ற ஒழுக்கச் சிக்கலும் அன்றே பிறந்தது. முந்தினாலும் ஹாரன் அடிக்காமல் முந்துக என்பது வழக்கு.

பின்னர்க் கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான் வந்தது. செண்டாயானில் தோட்டம் இருந்த பக்கம் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகரம். லயங்கள் இடிந்தபோது வீட்டைத் தூக்கி வர முடியவில்லை. முற்றத்து மாமரத்தையும், கோவிலடித் திண்ணையையும் கொண்டுவர முடியவில்லை. தன் பெயரில் இருந்தது ஒன்றுதான். அதை உதைத்து, ஏறி, ஓட்டி வந்துவிட்டார்கள். ஆகவே அன்பு வண்டி மீதானதன்று, உடைமை மீதானது என்பது இவ்வாய்வின் துணிபு.

புறனடை

இங்குச் சொல்லாத உதைகள் வழக்கில் காணப்படின், சொல்லியவற்றோடு சேர்த்துக்கொள்க. மேலாய்வு செய்ய விரும்புவோர் வண்டியை விலைக்குக் கேட்க வேண்டாம். ஓடாது என்ற விடையே கிடைக்கும். இரவலாகக் கேட்கலாம். கொடுத்தால், எண்ணெய் நிரப்பித் திருப்பித் தருக.