வரவேற்பறைப் புலி

சேலம் ஐந்து ரோடு பக்கம் குடியிருக்கும் ஒருவருக்குப் பவளம் வளர்க்கும் ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் தங்கை மகன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மாண்டிபோரா என்ற பவளத்தைப் பார்த்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கல்லும் அதுவே, உயிரும் அதுவே.

ஊரில் கடல் இல்லை என்பது பெரிய தடையல்ல. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவையைக் கரைத்தால் கடல் தயார். சமையல் உப்பு ஆகாது. பவளத்துக்குக் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து வேண்டும். மெக்னீசியத்துக்கா பஞ்சம்? ஊரை ஒட்டி மேக்னசைட் மலையே இருக்கிறது. ஆனால் வெட்டியெடுத்துத் தொட்டியில் கொட்ட முடியாது. இன்னொரு சங்கடம்: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். 'கடல் தண்ணிதானே' என்று தினமும் ஒரு கை உப்புப் போடும் அத்தையிடம் இதை விளக்குவது தனி வேலை.

அடுத்தது வெயில். பவளம் கேட்பது 24 முதல் 27 டிகிரி. சேலத்துச் சித்திரை கொடுப்பது 40. ஆகவே பவளத்துக்குச் சில்லர், குடும்பத்துக்கு விசிறிமட்டை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையன்று இன்வெர்ட்டரும் பவளத்துக்கே. சூடு ஏறினால் பவளம் தன் உடலுக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசியையே வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவிலேயே 2010லும் 2016லும் அப்படி வெளுத்தது.

தட்டாக விரிவது வெளிச்சத்தை ஏந்திக்கொள்ளத்தான். அதே தட்டில் தூசியும் தங்கும். பம்பு வைத்து நீரோட்டம் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டும் அசராதவர் நாமக்கல் மாப்பிள்ளை. கோழிப்பண்ணைக்காரர். "மச்சான், இது நம்ம முட்டைக்கோழிதானுங்க" என்பார். சொல்வது சரிதான். கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் அளவில் கால்சியம் தேவை. கோடையில் அது மூச்சிரைத்துக் கரியமிலவாயுவை வெளியேற்றும். ரத்தத்தில் பைகார்பனேட் குறைந்து ஓடு மெலியும். பவளத்துக்கும் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருந்தும், தண்ணீரில் பைகார்பனேட் இறங்கினால் கல் வளராது. "ஆனா மச்சான், நாலு கோழி வாங்கி விட்டா முட்டையாச்சும் போடுமுங்க."

எல்லாம் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் சட்டம் வரும். 2001இல் கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிவிட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு சிறை. கரையோரம் கிடக்கும் செத்த துண்டுக்கும் விலக்கில்லை. காரணமும் உண்டு: மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. இன்று தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் சட்டகங்களில் பவளத் துண்டுகளைக் கட்டிக் கடலுக்குள்ளேயே நட்டு வளர்க்கிறார்கள். வரவேற்பறையில் புலி வளர்க்க யாருக்கும் உரிமம் தருவதில்லை.

பவளத்தைப் பார்க்க மிச்சமிருப்பது, பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை விடும் படகு. அதில் ஏறி உட்கார்ந்ததும் மாப்பிள்ளை கேட்கப்போகும் முதல் கேள்வியும் தெரிந்ததுதான்: "ஏனுங்க, இத்தனைக்கும் தெனமும் கால்சியம் யாருங்க போடறாங்க?"