பனியன் நனைதல்: வேலம்பாளையத்தாரின் அருவிப் பயணம் குறித்து ஓர் ஆய்வு

அருவிக்குப் போவது உடம்பைக் குளிர்விக்க என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. திருப்பூர் 15 வேலம்பாளையத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பும் வேன்களை உற்றுக் கவனித்தவர்கள் இந்த நம்பிக்கையைக் கைவிட்டாக வேண்டும். பனியன் தொழிலில் இருப்பவர் அருவிக்குப் போவது துணியைச் சோதிக்க. குளியல் என்பது அதற்கான செய்முறை மட்டுமே. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

இத்துறையில் முன்னோர் செய்தது போதாது. குற்றாலத்தைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மலைக் குரங்குகளின் இல்லறம் வரை கவனித்திருக்கிறார். குளித்தவர் என்ன உடுத்தியிருந்தார் என்பதை விட்டுவிட்டார். ஜெர்மானிய இயற்பியலாளர் பிலிப் லெனார்ட் 1892-இல் அருவிகளின் மின்சாரம் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். பாறையில் மோதிச் சிதறும் நீர், சுற்றியுள்ள காற்றுக்கு எதிர்மின்னேற்றம் தருகிறது என்று விளக்கினார். 1905-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் கேத்தோடு கதிர்களுக்காக. அருவியை வைத்து யாரும் பரிசு வாங்க முடியாது என்பது அன்றே முடிவாகிவிட்டது.

எந்த அருவி என்பதில் வேலம்பாளையத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி கோபி பக்கம் கொடிவேரிக்குப் போகும். பவானி ஆற்றுத் தடுப்பணையில் வழிகிற தண்ணீர் எப்படி அருவியாகும் என்று கேட்டால், "தண்ணி மேல இருந்து கீழ உழுகுதுங்களா, இல்லீங்களா?" என்று பதில் வருகிறது. இதை மறுக்க வழியில்லை. மேலும் அங்கே மீன் வறுவல் உண்டு. மறுகட்சி பல்லடம், உடுமலை தாண்டி, திருமூர்த்தி மலையின் பஞ்சலிங்க அருவிக்குப் போகும். அடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரர் கோயில் இருப்பதால் மீன் கட்சிக்கு இதில் மனத்தாங்கல். 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமானபோது உடுமலையும் கூட வந்துவிட்டதால், அதுவரை கோவை மாவட்டத்து அருவியாக இருந்தது சொந்த மாவட்டத்து அருவியாயிற்று. நீரின் குளிர்ச்சியில் மாற்றம் எதுவும் பதிவாகவில்லை.

பயணத் திட்டம் சனிக்கிழமை இரவு, சம்பளம் வாங்கி, ஒன்றரை ஷிப்ட் முடிந்து, பேக்கரி வாசலில் டீயோடு உருவாகிறது. காலை ஐந்து மணிக்கு வண்டி எடுப்பதென்று ஏகமனதாக முடிவாகும். ஏழரைக்கு எடுப்பார்கள். ஆர்டரில் எழுதிய தேதிக்கும் சரக்கு கன்டெய்னரில் ஏறும் தேதிக்கும் உள்ள அதே உறவுதான் இது. தனி விளக்கம் வேண்டியதில்லை.

மலையேறி அருவியை அடைந்ததும் வெளியூர்க்காரர் சட்டையைக் கழற்றுகிறார். வேலம்பாளையத்தார் பனியனோடு இறங்குகிறார். தலையில் தண்ணீர் விழுந்த மறுகணம் கண்ணைத் திறந்து, பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பார்க்கிறார். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், கீழே வரும்போது நொடிக்குச் சுமார் பத்து மீட்டர் வேகத்தில் இருக்கும். எந்த வாஷிங் மெஷினும் இப்படி அடிப்பதில்லை. அந்த அடியில் தோள்பட்டைத் தையல் பிரிந்தால் ஓவர்லாக் டெய்லர் அவசரப்பட்டிருக்கிறார் என்று பொருள். கழுத்து ரிப் தொங்கினால் யாரோ லைக்ராவில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பக்கத் தையல் விலாவை விட்டுத் தொப்புளை நோக்கி நகர்ந்திருந்தால் விஷயம் நூலுக்கே போகிறது: சிங்கிள் ஜெர்சித் துணி நனைந்ததும் நூலிலுள்ள முறுக்கு தளரப் பார்க்கும், அந்த இழுப்பில் வளையங்கள் சாய்ந்து துணியே திரும்பிக்கொள்ளும். துணியை முன்கூட்டியே சுருக்கிவைக்கும் காம்பேக்டிங் சரியில்லாத துணி சுருங்குவது மட்டும் அங்கேயே தெரியாது. வேனில் காய்ந்த பிறகு, பனியனுக்கும் லுங்கிக்கும் நடுவே வயிறு வெளிப்படும்போது தெரியும்.

அருவிக்கடியில் நலம் விசாரிக்கும் முறையும் இத்துணிபையே உறுதிசெய்கிறது.

"ஏனுங்ணா, இது எங்க எடுத்த பீஸுங்க?"

"காதர்பேட்டைலீங்க. நூத்தி எம்பது ஜிஎஸ்எம்முன்னு குடுத்தாங்க."

"நூத்தி நாப்பது தாண்டாதுங்ணா. செகண்ட்ஸ் உங்க தலைல கட்டீட்டாங்க."

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. வட்டமாகத் துணியை வெட்டித் தராசில் வைத்துக் காண்பது ஆய்வகத்தின் வழி. நனைந்த துணியில், அதுவும் இன்னொருவர் உடம்பில் இருக்கும்போது, இரண்டு விரலால் நெருடி அதைச் சொல்ல முடியாது என்பது அறிவியல். சொல்லிவிடுகிறார்கள் என்பது கள ஆய்வு.

சாயம் போவது தனி இயல். நொய்யல் ஆறு நிறம் நிறமாக ஓடியதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களும் அந்த வேனில் இருக்கிறார்கள். காலடியில் ஓடும் தெளிந்த நீரில் யாருடைய பனியனிலிருந்தோ சிவப்பு ஒரு கோடு இழுத்தால், அதுவரை கேலி பேசியவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வில் சிரிப்பு வராத ஒரே இடம் இது.

இத்துணிபுக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து டெய்லருக்குக் கைமடியாகவும் அயர்னிங்கிலும் வேலை செய்யும் பையன்கள் அருவியில் நிஜமாகவே குளிக்கிறார்கள், கத்துகிறார்கள், செல்பி எடுக்கிறார்கள். தொழிலுக்குப் புதியவர்கள் என்பதால் இவர்களைப் புறநடையாகக் கொள்ளலாம்.

செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்காவின் ஆட்சேபத்தை அப்படித் தள்ள முடியவில்லை. "ஆம்பளைங்க பனியன் நனைஞ்சு என்னத்தப் பெருசா எடை ஏறீரும்? சுடிதார், அதும்மேல துண்டு, இடுப்புல கொழந்தை, எல்லாத்தோடயும் நனைஞ்சு அத்தன தூரம் மலையெறங்கறோம். அத எவனாச்சும் ஆராஞ்சானா?" என்றார். பெண்கள் குளிக்கும் பக்கம் ஆய்வாளர் எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே தரவு முழுவதும் அவரிடமே இருக்கிறது. தரச் சொல்லிக் கேட்டதற்கு, "பீஸ் ரேட்டு பேசுங்க, சொல்றேன்" என்கிறார்.